இரண்டாம் படி

மறதியை இறைவன் அளித்த மருந்து என்பர் சிலர். தீராத நோய் என்பர் வேறு சிலர். அஃது எதுவாயினும், அதற்கு அஞ்சியே மனிதன் கல்லில் வெட்டினான், செம்பில் பொறித்தான், ஓலையில் கீறினான், தாளில் அச்சிட்டான். இன்றோ, தன் நினைவையெல்லாம் ஒரு சிறு அட்டைக்குள் அடைத்துச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டு திரிகின்றான். காமிராவில் இடும் மெமரி கார்டைத்தான் சொல்கின்றேன். நீளம் 32 மில்லிமீட்டர்; அகலம் 24 மில்லிமீட்டர்; எடை ஏறக்குறைய இரண்டு கிராம். ஒரு புளியங்கொட்டையோடு ஒப்பிடத்தக்க இப்பொருளுள் ஒரு திருமணம் அடங்கும்; ஒரு திருவிழா அடங்கும்; ஒரு முதியவளின் வாழ்நாட் பாட்டெல்லாம் அடங்கும். அடங்கியது போலவே சொல்லாமற் கொள்ளாமற் போகவும் போகும்.

இவ்வட்டையால் யான் அடைந்த இழப்பு ஒன்றையும், அதனால் கற்ற பாடம் ஒன்றையும் நண்பர்கட்கு எடுத்துரைத்தலே என் நோக்கம். பிழை முழுவதும் என்னுடையதே. ஆதலின் சிறிது கூச்சத்துடனேயே எழுதுகின்றேன்.

என் ஊர் விளாத்திகுளம். எட்டயபுரத்திற்குக் கிழக்கே, வைப்பாற்றங்கரையில் உள்ளது. ஆறு என்று பெயரேயொழிய, ஆண்டில் பெரும்பகுதி அதில் மணலையே காணலாம். சுற்றிலும் கரிசற்காடு. சம்சாரிகள் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பர். உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் விளையும். கோடையில் நிலம் கை நுழையும் அளவிற்கு வெடித்துக் கிடக்கும். அவ்வெடிப்பைக் காணும் வெளியூரார், இது பாழ்நிலம் போலும் என்று எண்ணுவர். மேலே வெடித்தாலும் அடியில் ஈரத்தைக் காத்து வைத்திருக்கும் மண் இது என்பதை எங்கள் சம்சாரிகள் அறிவர்.

எங்கள் ஊர் இசைக்கும் பெயர்பெற்றது. விளாத்திகுளம் சுவாமிகள் என்று போற்றப்பட்ட நல்லப்ப சுவாமிகள் ஒரே இராகத்தை நெடுநேரம் விரித்துப் பாட வல்லவர் என்பதைக் கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் போன்றோர் வாயிலாகத் தமிழுலகம் அறியும். என் ஆச்சி சிறுமியாய் இருந்தபோது அவர் பாடக் கேட்டவர். அவர் பேச்சு எழும்போதெல்லாம் ஆச்சியின் கண்கள் விரிவதை யான் கண்டிருக்கின்றேன். எனக்குக் கிடைத்தது அக்கண்களின் விரிவே, அக்குரலன்று. கேட்டவர் பேச்சு தங்கியது. பாட்டு காற்றோடு போயிற்று. சிறு வயது முதலே இஃது எனக்கு ஒரு குறையாக இருந்து வந்தது.

சென்ற ஆண்டு நாட்டுப்புறப் பாடல் பற்றிய பாடத்தின்பொருட்டு, மாணவர் ஒவ்வொருவரும் கோடை விடுமுறையில் தத்தம் ஊர்ப்பாடல்களைத் தொகுத்து வரவேண்டும் என்று பேராசிரியர் பணித்தார். எனக்கு அலைய வேண்டிய தேவையில்லை. ஆச்சியே ஒரு பாடற் களஞ்சியம். பருத்தி எடுக்கும்போதும், களை பறிக்கும்போதும், வற்றல் மிளகாயின் காம்பு கிள்ளும்போதும் அவர் வாய் பாடிக்கொண்டேயிருக்கும். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது; பாட்டோ நிற்கவேயில்லை.

பாட்டைத் தாளில் எழுதிக்கொண்டால் போதாதா, காமிரா எதற்கு என்று சிலர் வினவலாம். யானும் முதலில் தாளும் எழுதுகோலும் கொண்டுதான் அமர்ந்தேன். தாலாட்டுப் பாடும்போது ஆச்சியின் வலக்கை, இல்லாத தொட்டிலை ஆட்டிக்கொண்டேயிருந்தது. கை நின்றால் பாட்டும் நின்றது. அவ்வசைவே அப்பாட்டின் தாளம் என்று கண்டேன். எழுத்து அதனைப் பிடிக்காது. கோவில்பட்டியில் திருமண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் தொழில் செய்பவர் என் அத்தான். அவரிடம் கெஞ்சி ஒரு பழைய காமிராவை வாங்கி வந்தேன். அதனுள் 64 ஜிபி அட்டை ஒன்று இருந்தது.

ஒரு மாலைப்பொழுதில் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு ஆச்சியை அமர்த்தினேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பாடினார். முதலிற் பாடியது தாலாட்டு. அஃது எங்கள் குடும்பத்துப் பாட்டு. ஆச்சியின் தாயார் தம் கடைசி மகனுக்காகத் தாமே கட்டியது. மாமன்மார் நால்வர் நான்கு சந்தைகட்குச் சென்று, மருமகனுக்கு ஆளுக்கொரு பரிசு வாங்கி வருவதாகப் பாட்டு செல்லும். ஒவ்வொரு மாமனுக்கும் ஒவ்வோர் அடுக்கு. ஒவ்வோர் அடுக்கின் முடிவிலும் குழந்தையின் பெயர் வரும். அக்குழந்தை நான்கு வயது நிரம்புமுன் காய்ச்சலில் இறந்தது. அதற்குப் படம் இல்லை; பெயர் பொறித்த கல்லும் இல்லை. அப்பெயர் உலகில் இருந்த ஒரே இடம் அத்தாலாட்டு. பாடி முடித்ததும் ஆச்சி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இத நான் பாடி அம்பது வருசம் இருக்கும் ஐயா" என்றார்.

இனி என் மடமையைக் கூறுகின்றேன். அந்தக் காமிரா ஒரு விநாடிக்கு 50 மெகாபிட் வீதம் பதிவு செய்வது. எட்டு பிட் ஒரு பைட். ஆகவே விநாடிக்கு 6.25 மெகாபைட், ஒரு மணிக்கு 22.5 ஜிபி. இரண்டு மணி நேரத்திற்கு 45 ஜிபி. எனது மடிக்கணினியில் அவ்வளவு இடமில்லை. ஏதேதோ திரைப்படங்கள் அதனை நிரப்பியிருந்தன. அவற்றுள் சிலவற்றை நீக்கிவிட்டு அட்டையிலுள்ளதைப் படியெடுத்தல் அரைமணி நேர வேலை. 'நாளைச் செய்வோம்' என்று உறங்கினேன். நாளை வந்தது, நாளை மறுநாளும் வந்தது. 'அட்டையில்தானே இருக்கின்றது, எங்கே போய்விடும்' என்று மனம் ஆறுதல் கூறிற்று. அட்டையில் இருப்பதைக் கையில் இருப்பதாக எண்ணிய அதுவே முதற்பிழை.

அவ்வாரத்தின் இறுதியில் எங்கள் ஆலயத்தில் அசனப் பண்டிகை. காமிரா வைத்திருப்பவனாகையால், அதனைப் படமெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெரிய வட்டாக்களில் சோறு வெந்துகொண்டிருக்கின்றது. பந்தி அமரப் போகின்றது. நூறு குரல்கள் என்னை அழைக்கின்றன. சிறிது நேரம் எடுத்திருப்பேன். அட்டையில் இடமில்லை என்று காமிரா அறிவித்தது. அந்த ஆரவாரத்தில், ஆச்சியின் பாட்டை முன்னரே கணினியில் ஏற்றிவிட்டதாக ஓர் எண்ணம் எழுந்தது. எண்ணத்தை உண்மை என்று மயங்கினேன். 'ஃபார்மட்' என்ற சொல்லைத் தேர்ந்தேன். எல்லாம் அழியும், சம்மதமா என்று காமிரா வினவிற்று. அந்தோ! சம்மதம் என்றேன். பிறகு அரைமணிக்கும் மேலாகப் பந்தியைப் படமெடுத்தேன்.

பந்தியில் அமர்ந்து முதற் கவளத்தை எடுத்தபோதுதான் நினைவு வந்தது. மடிக்கணினியில் இன்னும் அத்திரைப்படங்களே இருக்கின்றன, ஆச்சி இல்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை. வெளியே ஓடி அத்தானைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் வைது தீர்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே: "அழிச்ச பெறகு அதுல ஏதும் எடுத்தியா?" எடுத்தேன் என்றேன். சிறிது நேரம் மௌனம். "சரி, இனிமே ஒரு விநாடி கூட எடுக்காதே. காமிராவ அணைச்சு, கார்டக் கழத்தி, பக்கத்துல இருக்க பூட்டக் கீழ தள்ளி, காயிதத்துல மடிச்சு எடுத்துக்கிட்டு வா" என்றார்.

அன்று மாலையே கோவில்பட்டிக்குப் பேருந்து ஏறினேன். அத்தான் எனக்கு விளக்கியதை நண்பர்களும் அறிதல் நலம். ஃபார்மட் செய்தால் அட்டையிலுள்ள படங்கள் அக்கணமே அழிந்துவிடுவதில்லை. பெரும்பாலான காமிராக்களில் அழிவது பட்டியல் மட்டுமே. ஒரு நூலகத்தில் நூற்பட்டியலை மட்டும் கொளுத்திவிட்டால் நூல்கள் அடுக்கிலேயே இருக்கும். எது எங்கே உள்ளது என்று மட்டும் தெரியாது. ஆனால் பட்டியல் இல்லாத நூலகர், அடுக்குகள் யாவும் காலி என்றே கருதுவார். புதிய நூல் வந்தால் பழையதைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் வைப்பார். பட்டியலை இழந்தபின்னும் மீட்பு உண்டு; புதியது வந்து அமர்ந்த இடத்திற்கு மீட்பே இல்லை. அழித்த பிழையினும், அழித்தபின் மேலும் படமெடுத்த பிழையே பெரிது.

அத்தான் முதலில் அட்டை முழுவதையும் உள்ளவாறே கணினியில் ஒரு பிரதி எடுத்தார். பிறகு அட்டையைத் தொடாமல் அப்பிரதியின்மீதே 'போட்டோரெக்' என்னும் இலவச மென்பொருளை ஏவினார். நள்ளிரவு கடந்து கோப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. தம் பெயரை இழந்து, வெறும் எண்ணைத் தாங்கி வந்தன. பருத்திப் பாட்டு வந்தது, களையெடுப்புப் பாட்டு வந்தது, கும்மி வந்தது, தம் கணவருக்காக ஆச்சி பாடிய ஒப்பாரி வந்தது. தாலாட்டு வரவில்லை. அட்டையின் தொடக்கத்தில் பதிந்திருந்தது அதுவே. பந்தியைப் படமெடுத்த அரைமணி நேரமும் சென்று அமர்ந்தது அத்தொடக்கத்தின்மேலேயே. குழந்தையின் பெயர் இருந்த இடத்தில் சோற்று வட்டாவும் வாழையிலையும் இருந்தன.

மறுநாள் ஆச்சியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வருந்தியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "அதுக்கென்ன, திரும்பப் பாடுதேன்" என்று அதே கட்டிலில் அமர்ந்தார். முதல் மாமன் வந்தார். இரண்டாம் மாமனும் வந்தார். மூன்றாம் மாமன் சந்தைக்குப் போனார்; என்ன வாங்கினார் என்பது வரவில்லை. கை தொட்டிலை ஆட்டிக்கொண்டேயிருந்தது, வாய் நின்றது. மூன்று முறை முதலிலிருந்து தொடங்கினார். மூன்று முறையும் மூன்றாம் மாமன் வெறுங்கையோடு நின்றார். "அன்னைக்கு வந்துச்சு, இன்னைக்கு வரல" என்றார். யான் தலைகுனிந்து நின்றேன்.

சற்று நேரங்கழித்து அவர் கேட்டார்: "ஏன் ஐயா, வெதயப் பூராவும் ஒரே குலுக்கையிலயா போட்டு வச்சிருந்த?"

குலுக்கை என்பது மண்ணாற் செய்த தானியக் கூடு. ஆச்சி சொன்ன செய்தி எனக்குப் புதிது. அவர் மணமாகி வந்த காலத்தில், கம்பு அறுத்ததும் விதைக்கென நல்ல கதிர்களைப் பொறுக்கித் தனியே வைப்பராம். சாம்பலும் வேப்பிலையும் கலந்து ஒரு பங்கைக் குலுக்கையில் இடுவர். மற்றொரு பங்கை வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் வீட்டிற்கு அனுப்பிவிடுவர். "நம்ம குலுக்கையில வண்டு விழுந்தாலும், வீடு தீப்பிடிச்சாலும், அங்க ஒரு படி இருக்கும்லா" என்றார். எழுத்தறியாத சம்சாரிகள் பலர் அறிந்திருந்ததை, தமிழ் ஆனர்ஸ் மாணவனாகிய யான் அறியாதிருந்தேன்! ஆச்சி சொன்ன படி தானியத்தை அளக்கும் படி. யான் எடுக்கத் தவறிய படி பிரதி என்னும் படி. இரண்டிற்கும் ஒரே சொல் அமைந்தது என் செவியில் அன்று நன்றாக உறைத்தது.

அத்தான் தம் தொழிலிற் கடைப்பிடிக்கும் முறையும் ஆச்சியின் முறையே. முகூர்த்தம் ஒருமுறைதான் நிகழும். தாலியை மீண்டும் கட்டுங்கள் என்று கேட்க இயலாது. ஆதலின் அவர் அஞ்சி அஞ்சியே அட்டையைக் கையாளுகின்றார். அட்டை ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு ஒட்டியிருக்கின்றார். பதிவான அட்டையை உடனே பூட்டை இழுத்துவிட்டு, வேறு பெட்டியில் கவிழ்த்து வைக்கின்றார். நிமிர்ந்திருப்பது காலி, கவிழ்ந்திருப்பது நிறைந்தது. காமிராவிலிருந்து ஒரு படத்தையும் நீக்குவதில்லை; களைப்பில் இருக்கும் கை களையோடு பயிரையும் பிடுங்கும் என்பார். ஒரே பெரிய அட்டையில் முழுத்திருமணத்தையும் அடைக்காமல், சிறிய அட்டைகள் பலவற்றிற் பகுத்து எடுக்கின்றார். ஒன்று கெட்டாலும் ஒரு சடங்குதான் போகும், திருமணமே போய்விடாது.

வீடு திரும்பியதும், உண்ணுமுன்னரே படியெடுப்பு. அட்டையிலிருந்து 'வெட்டி' ஒட்டுவதில்லை. இடையில் மின்சாரம் நின்றால் வெட்டிய இடத்திலும் இல்லாமல் ஒட்டிய இடத்திலும் இல்லாமல் போகக்கூடும். காமிரா வகுத்த அறைகளைக் கலைக்காமல் முழுவதையும் அப்படியே படியெடுக்கின்றார். நாள், ஊர், நிகழ்ச்சி, அட்டை எண் என்ற வரிசையில் பெயரிடுகின்றார். ஆண்டை முதலில் எழுதி, பின் மாதம், பின் தேதி எழுதினால், கணினி தானே கால வரிசையில் அடுக்கிவிடும். இங்ஙனம் இரண்டு வன்தட்டுகளில், அதாவது ஹார்டு டிஸ்குகளில், ஒவ்வொரு படி ஏற்றுகின்றார். ஒன்று கடையில், மற்றொன்று மாமனார் வீட்டில். இரண்டாம் படியும் சரிபார்க்கப்பட்ட பின்னரே அட்டையை மீண்டும் காமிராவிற்குத் தருகின்றார்.

சரிபார்த்தல் என்ற இவ்விடத்தில் என் தமிழ்ப் படிப்பு எனக்கு உதவிற்று. ஏட்டுச்சுவடியைப் படியெடுத்த நம் முன்னோர், எழுதியதோடு நில்லாமல் மூலத்தோடு ஒப்புநோக்கினர். ஒருவர் படிக்க மற்றொருவர் பார்த்து வருவர். கணினியிலும் ஒப்புநோக்கல் உண்டு. கோப்பிலுள்ள பைட்டுகள் யாவற்றையும் கணக்கிட்டுச் 'செக்சம்' என்னும் சுருக்க எண் ஒன்றைத் தரும் கருவிகள் உள. கோப்பில் ஒரு புள்ளி மாறினும் அவ்வெண் மாறிவிடும். மூலத்தின் எண்ணும் படியின் எண்ணும் ஒன்றாயின், படி பிழையற்றது. அவ்வசதி இல்லாதார் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையுமாவது ஒத்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். பார்க்கப்படாத படி, படியென்று நம்பப்படுவதேயன்றிப் படியாகாது.

நண்பருட் சிலர், தொகுத்து முடித்த வீடியோ ஒன்றிருந்தால் போதும் என்பர். வேறு சிலர், தொகுக்கும் மென்பொருளில் எல்லாம் இருக்கின்றது என்பர். இரண்டும் மயக்கமே. தொகுப்பு மென்பொருள் தன் திட்டக் கோப்பினுள் படத்தை வைத்துக்கொள்வதில்லை. படம் எந்த இடத்தில் உள்ளது, எங்கே வெட்டவேண்டும் என்ற குறிப்பை மட்டுமே வைத்துக்கொள்ளும். மூலக்கோப்பைப் பெயர்மாற்றினாலோ இடம்மாற்றினாலோ, முகவரி மாறிய வீட்டின் கதவைத் தட்டும் தபால்காரர் போல அது திகைத்து நிற்கும். இனி, தொலைபேசியிலுள்ளது தானே கூகுள் கிடங்கிற்கும் சென்றுவிடுகின்றதே என்பாரும் உளர். இரண்டிடமும் ஒத்திசைந்திருக்குமாறு அமைக்கப்பட்டிருப்பின், இங்கே நீக்கியது அங்கும் நீங்கும். நிழலைக் காட்டி இரண்டு பேர் இருக்கின்றோம் என்று சொல்லலாகாது.

அட்டையையே பெட்டகமாகக் கருதுவதும் ஆகாது. 1980-களில் ஜப்பானிய அறிஞர் ஃபுஜியோ மசுவோக்கா தோஷிபா நிறுவனத்தில் இருந்தபோது கண்ட ஃபிளாஷ் நினைவகமே இவ்வட்டைகட்கு உயிர். அதில் எழுத்து என்பது நுண்ணிய அறைகளில் அடைபட்ட மின்னேற்றம். அஃது ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறிது சிறிதாகக் கசியும். வெப்பம் மிகின் விரைந்து கசியும். சித்திரை வெயிலில் தகிக்கும் தகரக்கூரையின் கீழ் அட்டையை வைத்துவிட்டுப் பல்லாண்டு கழித்துத் தேடுதல் அறிவுடைமையன்று. குறைந்தது மூன்று படிகள், இருவகைக் கருவிகளில், ஒன்றாவது வேற்றிடத்தில். இது பீட்டர் குரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் பரப்பிய விதி. நாத்தனார் வீட்டு விதையை நினைவில் வைப்பவர்க்கு இவ்விதி புதிதன்று.

என் பிழை சிறியவனின் பிழை. பெரியோரும் இதற்கு விலக்கல்லர் என்று அறிந்தபோது சிறிது ஆறுதல் பெற்றேன். 1969-ஆம் ஆண்டு சந்திரனில் மனிதன் முதன்முதல் இறங்கிய காட்சி மூல நாடாக்களில் பதிவாயிற்று. அந்நாடாக்கள் பிற்காலத்தில் அழிக்கப்பட்டு வேறு பணிக்குப் பயன்பட்டிருக்கவேண்டும் என்று நாசா 2009-இல் அறிவித்தது. தொலைக்காட்சி நிலையங்கள் முதலியவற்றில் எஞ்சிய படிகளைக்கொண்டே காட்சியைச் செப்பனிட்டனர். 'டாய் ஸ்டோரி 2' என்னும் திரைப்படம் ஆக்கத்தில் இருந்தபோது, 1998-இல் தவறான கட்டளை ஒன்றால் கணினியிலிருந்து பெரும்பகுதி நீங்கிற்று. காப்புப் படியும் பழுதாயிருந்தது. கைக்குழந்தையின் பொருட்டு வீட்டிலிருந்தே பணி செய்த கேலின் சஸ்மன் என்னும் அம்மையாரின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தமையால் படம் பிழைத்தது. நம் நாட்டிலோ, தமிழின் முதற் பேசும்படம் எனப்படும் 1931-ஆம் ஆண்டுக் 'காளிதாஸ்' படத்தின் சுருள் கிடைத்திலது. அதனைப் பற்றிப் படிக்கலாம், பார்க்க இயலாது.

தமிழ் மாணவர்க்கு இத்துயரம் இன்னும் நெருங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தேடி அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் எங்கள் பக்கத்திற்கும் வந்தார். சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியரின் ஏடுகள் இருந்தன என்று கேட்டுச் சென்றவர்க்கு, பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டனர் என்ற விடையே கிடைத்தது. அச்செய்தியை அவர் தம் வரலாற்றில் வருந்தி எழுதியுள்ளார். முதலாண்டில் அதனைப் படித்தபோது யான் அவ்வேடெரித்தோரை மனத்துள் வைதேன். அசனப் பந்திக்குப் பின் அவ்வாறு வைய எனக்கு வாயில்லை. அவர்கள் பகையினால் எரிக்கவில்லை. யானும் பகையினால் அழிக்கவில்லை. இடம் வேண்டியிருந்தது, வேறு படி எங்கேனும் இருக்கும் என்ற எண்ணமும் இருந்தது.

பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்று கிடைக்கவில்லை. புறநானூற்றில் 267, 268 என்னும் எண்ணுள்ள பாட்டுகள் இல்லை. தேர்வுக்காக இவ்வெண்களை மனப்பாடம் செய்திருக்கின்றேன். அவை எனக்கு வெறும் இரண்டு மதிப்பெண்ணாகவே இருந்தன. இன்று அவ்வெண்களைக் காணும்போது, ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மூன்றாம் மாமன் வெறுங்கையோடு நிற்பதாகவே தோன்றுகின்றது. எஞ்சிய பாட்டுகள் எதனால் எஞ்சின? ஓலை வலிது என்பதனால் அன்று. பெயர் தெரியாத யாரோ ஒருவர், பழைய ஏடு நைந்து போகுமுன் அமர்ந்து, புதிய ஏட்டில் மீண்டும் எழுதியதனால். பாடிய புலவர்க்கு நாம் விழா எடுக்கின்றோம், படியெடுத்தவர்க்கு எடுப்பதில்லை. அவர்கள் தம் வேலையை 'நாளை' என்று ஒத்திவைத்திருப்பின், நமக்கு ஆனர்ஸ் வகுப்பே இராது.

மீண்ட பாட்டுகளுக்கு இப்போது மூன்று படிகள் உள்ளன. ஒன்று விடுதியில் என் பெட்டியில். ஒன்று கோவில்பட்டியில் அத்தான் வீட்டு வன்தட்டில். ஒன்று ஒரு பென்டிரைவில், ஆச்சியின் டிரங்குப் பெட்டிக்குள். தகரக்கூரையைப் பற்றி எடுத்துரைத்து, அப்பெட்டியைக் காரைவீட்டு உள்ளறைக்கு மாற்றச் செய்தேன். விடுமுறைதோறும் மூன்றையும் திறந்து ஓடவிட்டுப் பார்க்கின்றேன். ஆச்சிக்கு இது பெருமை. விருந்தினர் வந்தால், "எம் பாட்டு மூணு ஊர்ல இருக்கு" என்கின்றார்.

தாலாட்டை மட்டும் தாளில் எழுதி வைத்திருக்கின்றேன். முதல் இரண்டு அடுக்கும் நான்காம் அடுக்கும் முழுமையாய் உள்ளன. மூன்றாம் அடுக்கில், சுவடி கிடைக்காத இடத்தில் பதிப்பாசிரியர் செய்வது போல, புள்ளியிட்டு இடம் விட்டிருக்கின்றேன். குழந்தையின் பெயர் மற்ற மூன்று அடுக்கிலும் இருப்பதால் அது தப்பிற்று. என்றேனும் ஒரு நாள், மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கும்போது ஆச்சிக்கு அந்தப் பரிசு நினைவு வரலாம். வந்தால் உடனே எழுதிக்கொள்ள, பெட்டிமேல் ஒரு பென்சிலும் தாளும் வைத்துவிட்டு வந்திருக்கின்றேன். தங்கை வீட்டிலிருப்பாள்; அவள் எழுதுவாள்.

மாணவ நண்பர்களே, உங்கள் காமிராவிலும் தொலைபேசியிலும் யாருடைய குரலோ, யாருடைய முகமோ, ஒரே ஒரு படியாக இப்போது இருக்கின்றது. அதனை எண்ணிப் பாருங்கள். அரைமணி நேர வேலைதான். இன்றிரவே செய்துவிடுங்கள்.